கல்லூரிக்கு மாணவர் போடும் மதிப்பெண்

பொறியியல் கவுன்சலிங்கின் இரண்டாம் சுற்று நடந்துகொண்டிருந்த நாள்களில் ஒரு மாலை, எதிர்வீட்டுப் பெண் கையில் போனுடன் வந்தாள். அரசுப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவள். கட்-ஆஃப் 163. சாய்ஸ் ஃபில்லிங் முடிய ஒரு நாள்தான் இருந்தது. பட்டியலில் எந்தக் கல்லூரியின் எண்ணை மேலே போடுவது என்று தெரியாமல் இரண்டு கல்லூரிகளுக்கு நடுவே நின்றுவிட்டாள். இரண்டும் ஒரே மாவட்டம், ஒரே பாடப்பிரிவு, ஏறக்குறைய ஒரே ஃபீஸ். "மாமா, இந்தக் காலேஜுக்கு 4.2 போட்டிருக்காங்க, அதுக்கு 3.9தான். அப்போ இதைத்தானே மேல போடணும்?" என்று கேட்டாள்.

அவள் வீட்டில் கல்லூரிப் படியேறியவர் யாரும் இல்லை. அப்பா லாரி ஓட்டுகிறார், அம்மாவுக்குத் தையல். படித்த குடும்பத்துப் பிள்ளைக்குக் கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு பெரியப்பா மகனோ அத்தை மகளோ எங்காவது இருப்பார்கள். எந்தக் கல்லூரியில் ஹெச்.ஓ.டி. நல்லவர், எங்கே மூன்றாம் ஆண்டில் அரியர் குவியும் என்ற செய்தி சாப்பாட்டு நேரத்துப் பேச்சிலேயே அந்தப் பிள்ளையின் காதில் விழுந்துவிடும். இவளுக்கு இருந்தவை அந்த இரண்டு எண்கள்தாம். அதனால் அந்தக் கேள்வியை அப்படியே தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

மாணவர்கள் போடும் நட்சத்திரத்தையும் எழுதும் ரிவ்யூவையும் வைத்து ஒரு கல்லூரியை இன்னொரு கல்லூரியோடு ஒப்பிட முடியுமா? இந்தக் கேள்விக்கு ஏறத்தாழ நூறு வருட வரலாறு இருக்கிறது. ஆய்வாளர்கள் சோதித்திருக்கிறார்கள், அரசுகள் சட்டதிட்டம் வகுத்திருக்கின்றன, தொழிற்சங்கங்கள் வழக்காடியிருக்கின்றன. இத்தனைக்கும் பிறகு கிடைத்திருக்கும் விடை, கட்-ஆஃப் கணக்குப் போடும் வீடுகளுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

மாணவர் சொல்லைத் தேடிப் போக வேண்டிய நிலைமை ஏன் வந்தது என்பதிலிருந்து தொடங்குகிறேன். கல்லூரி தன்னைப் பற்றித் தானே கொடுக்கும் தகவலை அப்படியே நம்ப முடியவில்லை. மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசை 2015-இல் அறிவிக்கப்பட்டு 2016-இல் முதல் பட்டியல் வெளியானது. கற்பித்தலுக்கும் வசதிகளுக்கும் 30 விழுக்காடு, ஆராய்ச்சிக்கு 30, படித்து முடித்தவர்களின் நிலைக்கு 20, பெண்கள், ஏழை மாணவர்கள், வெளிமாநிலத்தவர் போன்றோரைச் சேர்த்துக்கொள்வதற்கு 10, கல்வித்துறையினரும் வேலை தருவோரும் வைத்திருக்கும் அபிப்பிராயத்துக்கு 10 என்பது பல்கலைக்கழகங்களுக்கான கணக்கு. அங்கே படித்துக்கொண்டிருக்கும் மாணவரின் கருத்துக்கென்று தனியாக மதிப்பெண் இல்லை. தகவலில் பெரும்பகுதியைக் கல்லூரியே நிரப்பி அனுப்புகிறது.

அப்படி நிரப்பப்படும் தகவலின் லட்சணம் தமிழ்நாட்டில் 2024 ஜூலையில் வெளியே வந்தது. அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்பு பெற்ற 200-க்கும் மேற்பட்ட கல்லூரிகளில், 300-க்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் ஒரே காலத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் முழுநேரப் பணியில் இருப்பதாகக் காட்டப்பட்டிருக்கிறது என்று ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் பட்டியலோடு குற்றம்சாட்டியது. முறைகேடு நடந்திருப்பதைப் பல்கலைக்கழகமும் ஒப்புக்கொண்டு விசாரணையில் இறங்கியது. 2025 பிப்ரவரியில், ஆந்திராவில் ஒரு கல்வி நிறுவனத்துக்கு உயர்ந்த தரம் வழங்க லஞ்சம் வாங்கியதாக, உயர்கல்வி நிறுவனங்களுக்குத் தரச்சான்று வழங்கும் நாக் அமைப்பின் ஆய்வுக் குழுத் தலைவர் உள்ளிட்டோரைச் சி.பி.ஐ. கைது செய்தது. இது நம் ஊர் நோய் மட்டுமல்ல. நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகம் அமெரிக்கத் தரவரிசையில் இரண்டாம் இடத்தில் இருந்தபோது, அங்கேயே கணிதம் கற்பிக்கும் மைக்கேல் தாடியஸ் 2022-இல் தன் பல்கலைக்கழகம் கொடுத்த எண்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, அவை உண்மையோடு பொருந்தவில்லை என்று எழுதினார். வகுப்பில் எத்தனை பேர், ஆசிரியர்களில் எத்தனை பேருக்கு உயர்ந்த பட்டம் என்ற கணக்குகளில் தவறு இருந்ததைப் பல்கலைக்கழகம் ஒப்புக்கொண்டது. அடுத்த பட்டியலில் அது 18-ஆம் இடத்துக்கு இறங்கியது.

காகிதத்தில் இருக்கும் பேராசிரியர் வகுப்புக்கு வருவதில்லை என்பது முதலில் யாருக்குத் தெரியும்? இரண்டு மூன்று நாள் வந்து போகும் ஆய்வுக் குழுவுக்கு முன்பே, காலை ஒன்பது மணிக்கு அந்தக் காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மாணவனுக்குத் தெரியும். நான்கு வருடம் அன்றாடம் உள்ளே இருந்து பார்ப்பவன் அவன் ஒருவன்தான். ஆகவே மாணவர் பேச்சு எங்களுக்குத் தேவையில்லை என்று சொல்லும் எந்த நிர்வாகத்தோடும் எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் அவன் பார்த்ததைக் கேட்பது வேறு, அவனிடம் ஐந்துக்கு எத்தனை என்று மதிப்பெண் போடச் சொல்வது வேறு. இந்தக் கட்டுரை முழுக்க அந்த வேறுபாட்டைப் பற்றியதுதான்.

மதிப்பெண் போடச் சொல்லும் வழக்கம் அமெரிக்காவில் 1920-களில் தொடங்கியது. பர்டியூ பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ரெமர்ஸ் என்ற உளவியலாளர் மாணவர்கள் ஆசிரியரை மதிப்பிட ஒரு அளவுகோலை உருவாக்கினார். தன் வகுப்பு மாணவர் கண்ணுக்கு எப்படித் தெரிகிறது என்று ஆசிரியர் அறிந்துகொள்ள அது உதவும் என்பது அப்போதைய எண்ணம். போகப்போக அந்த எண்கள் பதவி உயர்வுக்கும் வேலை நீட்டிப்புக்கும் ஆதாரமாயின. 1999-இல் ஓர் அமெரிக்க இணையதளம் தொடங்கப்பட்டுப் பின்னர் 'ரேட் மை புரொஃபஸர்ஸ்' என்று பெயர் மாறியது. அதில் ஆசிரியரின் அழகுக்கு மிளகாய்ப் படம் போடும் ஏற்பாடுகூட 2018 வரை இருந்தது. ஒரு பெண் பேராசிரியர் இருபது வருடம் உழைத்துக் கற்றுக்கொடுத்துவிட்டுத் தன் பெயருக்குப் பக்கத்தில் மிளகாய் இருக்கிறதா இல்லையா என்று பார்க்க வேண்டியிருந்தது என்பதை நினைத்தால் வேதனையாக இருக்கிறது.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன? எனக்கு மிக முக்கியமாகப் படுவது அமெரிக்க விமானப்படை அகாடமியில் நடந்தது. ஸ்காட் காரல், ஜேம்ஸ் வெஸ்ட் என்ற இரு பொருளியலாளர்கள் அதை 2010-இல் வெளியிட்டார்கள். அந்த அகாடமியில் எந்த மாணவர் எந்த ஆசிரியரிடம் படிப்பது என்பதைக் குலுக்கல் போலப் பகிர்ந்து விடுகிறார்கள். நல்ல மாணவர்கள் எல்லாம் நல்ல பெயர் வாங்கிய ஆசிரியரிடம் ஓடிவிட முடியாது. பாடத்திட்டம் ஒன்று, வினாத்தாள் ஒன்று. இந்த ஆய்வுக்கு இதைவிடத் தோதான இடம் கிடைப்பது அரிது. முதல் கணிதப் பாடத்தில் எந்த ஆசிரியரின் மாணவர்கள் அந்தத் தேர்வில் அதிக மதிப்பெண் எடுத்தார்களோ, அந்த ஆசிரியருக்கு மாணவர்களும் நல்ல மதிப்பீடு கொடுத்தார்கள். இதுவரை எல்லாம் எதிர்பார்த்தபடிதான். ஆய்வாளர்கள் அதோடு நிற்காமல் அந்த மாணவர்கள் அடுத்தடுத்த உயர்கணிதப் பாடங்களில் என்ன செய்தார்கள் என்று தொடர்ந்து பார்த்தார்கள். முதல் பாடத்தில் பாராட்டு வாங்கிய ஆசிரியரின் மாணவர்கள் அங்கே பின்தங்கினார்கள். கடுமையாக வேலை வாங்கி, அதனால் குறைந்த மதிப்பீடு பெற்ற அனுபவமிக்க ஆசிரியரின் மாணவர்கள் முன்னே போனார்கள்.

பள்ளிக்கூடத்தில் நம்மைப் பிழிந்தெடுத்த ஒரு கணக்கு வாத்தியார் எல்லோருக்கும் இருப்பார். அந்த வருடம் திட்டித் தீர்த்திருப்போம். பத்து வருடம் கழித்துத் தெருவில் பார்த்தால் சைக்கிளை விட்டு இறங்கிக் கும்பிடுவோம். ஐந்து நட்சத்திரப் படிவம் அந்த முதல் வருடத்தில் நீட்டப்படுகிறது.

இத்தாலியின் போக்கோனி பல்கலைக்கழகத்தில் நடந்து 2014-இல் வெளியான ஆய்வும் இதே திசையைக் காட்டியது. மழையும் குளிருமான நாளில் படிவம் நிரப்பினால் மதிப்பீடு குறைகிறது என்பதையும் அது கண்டது. ஹார்வர்டில் இயற்பியல் மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வு 2019-இல் வந்தது. தாங்களே கணக்குப் போட்டுத் திணறிய வகுப்பில் மாணவர்கள் உண்மையில் அதிகம் கற்றிருந்தார்கள். ஆனால் சரளமான சொற்பொழிவைக் கேட்ட வகுப்பில்தான் அதிகம் கற்றதாக அவர்களுக்குத் தோன்றியது. ஜெர்மனியின் முன்ஸ்டரில் மருத்துவ மாணவர்களைக் குழுக்களாகப் பிரித்துப் பாதிக் குழுக்களுக்கு வகுப்பில் சாக்லேட் பிஸ்கட் வைத்தார்கள். பிஸ்கட் கிடைத்தவர்கள் ஆசிரியருக்கு மட்டுமல்ல, பாடக் குறிப்புகளுக்கும் கூடுதல் மதிப்பெண் போட்டார்கள். 2018-இல் அந்த ஆய்வு வெளியானது. கனடாவின் பாப் உட்டில் தம் சகாக்களோடு 2017-இல், அதுவரை வந்த ஆய்வுகளை எல்லாம் ஒன்றுதிரட்டி மறுபடியும் கணக்கிட்டுப் பார்த்து, அதிக மதிப்பீடு பெறும் ஆசிரியரிடம் மாணவர்கள் அதிகம் கற்கிறார்கள் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று முடித்தார்.

பாரபட்சம் இன்னொரு பக்கம். அமெரிக்காவின் வட கரோலினாவில் நடந்து 2015-இல் வெளிவந்த ஒரு சிறு ஆய்வில், இணையவழி வகுப்பின் இரு துணை ஆசிரியர்கள், ஓர் ஆணும் ஒரு பெண்ணும், தங்கள் மாணவர்களில் ஒரு குழுவிடம் பெயரை மாற்றிச் சொல்லிக்கொண்டார்கள். திருத்திய தாளை இருவரும் ஒரே வேகத்தில்தான் திருப்பிக் கொடுத்தார்கள். அந்த வேகத்துக்கு ஆண் பெயருக்கு 5-க்கு 4.35, பெண் பெயருக்கு 3.55 கிடைத்தது. படித்தவர்கள் 43 பேர்தான், சிறிய ஆய்வுதான். ஆனாலும் வேலை அதே வேலை, மாறியது பெயர் மட்டும்.

இவையெல்லாம் ஆசிரியரை மதிப்பிடுவதைப் பற்றியவை. பல்கலைக்கழகத்தையே மதிப்பிட்டு ஒன்றோடொன்று ஒப்பிடும் வேலையை ஒரு நாடே எடுத்துச் செய்தது என்றால் அது பிரிட்டன்தான். அங்கே 2005 முதல் இளநிலைப் பட்டத்தின் இறுதியாண்டு மாணவர்கள் எல்லோரிடமும் 'தேசிய மாணவர் கணக்கெடுப்பு' நடத்தப்படுகிறது. ஒரு துறையில் குறைந்தது பாதிப் பேராவது பதில் சொன்னால்தான் முடிவை வெளியிடுவார்கள். நம் ஊர் இணைய ரேட்டிங்கோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல். கோபம் வந்தவனும் கொண்டாடுகிறவனும் மட்டும் எழுதும் இடம் அல்ல, நடுவில் இருக்கும் அமைதியான பெரும்பான்மையும் பேசும் இடம்.

நன்மையும் நடந்தது. விடைத்தாளைத் திருத்தித் தருவதும் அதில் ஆசிரியர் எழுதும் குறிப்பும் போதவில்லை என்று வருடம் தவறாமல் மாணவர்கள் சொன்னார்கள். மற்றக் கேள்விகளை விட இதற்குத்தான் குறைந்த மதிப்பெண் விழுந்தது. அதன் அழுத்தத்தில் பல பல்கலைக்கழகங்கள் இத்தனை வாரத்துக்குள் தாளைத் திருப்பித் தரவேண்டும் என்று விதி வகுத்துக்கொண்டன. மாணவன் கண்ணால் பார்க்கக்கூடிய ஒன்று. மூன்று வாரத்தில் வந்ததா, எட்டு வாரம் ஆனதா? அதைச் சொன்னான், நிர்வாகம் திருத்திக்கொண்டது.

ஒட்டுமொத்தத் திருப்தி என்ற ஒற்றை எண்ணை வைத்துப் பல்கலைக்கழகங்களை வரிசையாக நிறுத்திய இடத்தில்தான் கோளாறு. 2008-இல் கிங்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் உளவியல் துறையில், கணக்கெடுப்பில் நல்லபடியாகப் போடுங்கள், நம் இடம் கீழே போனால் உங்கள் பட்டத்துக்கும் மதிப்பு இருக்காது என்ற பொருளில் ஆசிரியர்கள் மாணவர்களிடம் பேசியது ஒலிப்பதிவாகி வெளியே வந்தது. அந்த வருடம் அந்தத் துறையின் முடிவுகள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. அந்த மாணவர்களின் நிலையை யோசித்துப் பாருங்கள். தன் கல்லூரியைப் பற்றி உண்மையைச் சொன்னால் தன் பட்டத்தின் விலை குறையும். சாட்சி சொல்பவனுக்கே வழக்கில் பங்கு இருக்கிறது.

2017-இல் பிரிட்டிஷ் அரசு பல்கலைக்கழகங்களுக்குத் தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று கற்பித்தல் தரம் வழங்கத் தொடங்கியது. இந்தக் கணக்கெடுப்பின் மதிப்பெண்களும் அதற்கு ஆதாரம். தரத்தைக் கட்டண உயர்வோடு இணைக்கும் திட்டமும் இருந்தது. எங்கள் வாயாலேயே எங்கள் கட்டணத்தை ஏற்றுவதா என்று மாணவர் சங்கம் புறக்கணிப்புக்கு அழைப்பு விடுத்தது. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் உள்ளிட்ட பல இடங்களில் பாதிப் பேர்கூடப் பதில் தராததால் அவற்றின் முடிவை வெளியிட முடியாமல் போனது. அதே வருடம், சமூக அறிவியலில் உலகின் முன்னணியில் வைத்துப் பேசப்படும் லண்டன் பொருளியல் பள்ளிக்குக் கிடைத்தது வெண்கலம். அங்கே கற்பித்தல் மோசம் என்பது அதன் பொருளா, அங்கே வந்தவர்களின் எதிர்பார்ப்பு வானளவு என்பது அதன் பொருளா? எண்ணைப் பார்த்துச் சொல்ல வழியில்லை. கடைசியில் 2023-இல் இங்கிலாந்துக்கான கணக்கெடுப்பிலிருந்து ஒட்டுமொத்தத் திருப்தி பற்றிய கேள்வியையே எடுத்துவிட்டார்கள்.

எதிர்பார்ப்பு என்ற இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க விரும்புகிறேன். மாணவர் ரேட்டிங்கின் வேர்ப் பிரச்சினை பொய்யர்களோ பிஸ்கட்டோ அல்ல என்பது என் கருத்து. ஓர் உணவகத்துக்கு மதிப்பெண் போடுகிறவர் நூறு உணவகத்தில் சாப்பிட்டவர். இந்த சாம்பாரை அந்த சாம்பாரோடு வைத்துப் பார்க்க அவர் நாக்குக்குத் தெரியும். கல்லூரிக்கு மதிப்பெண் போடுகிறவர் ஒரே ஒரு கல்லூரியில்தான் படித்திருக்கிறார். அவர் தன் கல்லூரியை எதிர்வரிசைக் கல்லூரியோடு ஒப்பிட்டு 4 போடவில்லை, தான் மனதில் கொண்டுவந்த கல்லூரியோடு ஒப்பிட்டுப் போடுகிறார். கிராமத்திலிருந்து அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டில் வந்து, குடும்பத்தில் முதன்முறையாக ஹாஸ்டல் அறையின் சாவியைக் கையில் வாங்கும் பிள்ளை அந்தக் கட்டடத்தைப் பார்த்தே ஐந்து போடுகிறாள். ஐ.ஐ.டி. கிடைக்காமல் மனம் உடைந்து வந்தவன் அதே கட்டடத்துக்கு இரண்டு போடுகிறான். இருவரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள். ஆனால் இரண்டையும் கூட்டி வகுத்தால் வரும் 3.5 கல்லூரியைப் பற்றி எதையும் சொல்லவில்லை, வந்து சேர்ந்தவர்களைப் பற்றித்தான் சொல்கிறது. இரண்டு கல்லூரிகளின் சராசரியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், யாருமே செய்யாத ஒரு ஒப்பீட்டை நாமாகக் கற்பனை செய்துகொள்கிறோம்.

நம் ஊரில் இதோடு பயமும் சேர்கிறது. பல கல்லூரிகளில் ஃபீட்பேக் ஃபார்ம் நிரப்பினால்தான் ஹால் டிக்கெட். உள்ளே நுழையப் பதிவு எண் கேட்கும். இன்டர்னல் மார்க் அதே ஆசிரியர் கையில் இருக்கிறது. பெயர் தெரியாது என்று எத்தனை முறை சொன்னாலும் எந்தப் பிள்ளை நம்பும்? எல்லாக் கேள்விக்கும் 'மிக நன்று' என்று வரிசையாகத் தட்டிவிட்டு ஹால் டிக்கெட்டை இறக்கிக்கொள்கிறார்கள். அதைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. அந்தப் படிவங்களிலிருந்து '96 விழுக்காடு மாணவர் திருப்தி' என்று விளம்பரப் பலகை எழுதுவதுதான் குற்றம். வெளித் தளங்களில் பயம் குறைவு, ஆனால் அங்கே யார் எழுதுகிறார் என்பதே தெரியாது. பொய் ரிவ்யூவைக் கட்டுப்படுத்த இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் ஒரு தரநெறியை வெளியிட்டது. அமெரிக்காவில் 2024 அக்டோபரில் போலி ரிவ்யூக்களைத் தடைசெய்யும் விதியே நடைமுறைக்கு வந்தது.

அப்படியானால் மாணவரிடம் எதைத்தான் கேட்பது? இதற்கு நல்ல விடைகள் ஏற்கெனவே இருக்கின்றன. அமெரிக்காவில் 2000-இல் இண்டியானா பல்கலைக்கழகத்திலிருந்து தொடங்கிய ஒரு தேசியக் கணக்கெடுப்பு, உனக்குப் பிடித்ததா என்பதை மையமாக வைக்கவில்லை. இந்த வருடம் எத்தனை கட்டுரை எழுதினாய், வகுப்புக்கு வெளியே ஆசிரியரோடு எத்தனை முறை பாடம் பேசினாய், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் படித்தாய் என்று கேட்கிறது. மாணவன் செய்ததை மாணவனிடம் கேட்பது. ஜெர்மனியில் சி.ஹெச்.இ. என்ற மையம் 1998 முதல் வெளியிடும் பட்டியலில் மாணவர்களின் கருத்துக்குப் பெரிய இடம் உண்டு. ஆனால் அதில் முதலிடம், இரண்டாமிடம் கிடையாது. பல்கலைக்கழகம் முழுவதற்கும் ஒரே எண்ணும் கிடையாது. துறைவாரியாக, நூலகம் எப்படி, ஆய்வகம் எப்படி, ஆசிரியர் உதவி எப்படி என்று தனித்தனியாகப் பார்த்து, மேல், நடு, கீழ் என்று மூன்று குழுக்களில் வைக்கிறார்கள். சின்ன வித்தியாசத்தைப் பெரிதாகக் காட்டக் கூடாது என்ற நேர்மை அதில் இருக்கிறது. வேதியியல் படிக்கப் போகிறவனுக்கு அந்தப் பல்கலைக்கழகத்தின் சட்டத் துறை எத்தனை நட்சத்திரம் வாங்கியது என்பது எதற்கு?

கனடாவில் மாணவர் மதிப்பீட்டைப் பற்றிய வழக்கே நடுவர் முன்னால் போனது. டொராண்டோவில் அப்போது ரயர்சன் என்ற பெயரில் இருந்த பல்கலைக்கழகத்துக்கும் ஆசிரியர் சங்கத்துக்கும் இடையிலான தகராறில் நடுவர் வில்லியம் காப்லன் 2018-இல் தீர்ப்பளித்தார். பணி நிரந்தரம், பதவி உயர்வு ஆகியவற்றுக்காகக் கற்பித்தலின் திறனை அளக்க மாணவர் மதிப்பீட்டுச் சராசரியைப் பயன்படுத்தக் கூடாது என்றார். அதே தீர்ப்பில், மாணவரின் அனுபவம் என்ன என்பதை அறிய அந்தப் படிவங்கள் நல்ல வழி என்பதையும் ஏற்றுக்கொண்டார். நூறு ஆண்டு விவாதத்தின் சாரம் எனக்கு இந்த இரண்டு வாக்கியத்தில் கிடைக்கிறது.

நம் நாட்டிலும் விதை இருக்கிறது. 1994-இல் தொடங்கப்பட்ட நாக் அமைப்பு 2017-இல் தன் முறையை மாற்றியபோது மாணவர் திருப்திக் கணக்கெடுப்பைச் சேர்த்தது. கல்லூரி தரும் மாணவர் பட்டியலுக்கு மின்னஞ்சல் போகும். இருபது கொள்குறிக் கேள்விகள், கருத்து எழுத ஒரு கேள்வி. அதன் முதல் கேள்வி என்ன தெரியுமா? பாடத்திட்டத்தில் எத்தனை விழுக்காடு வகுப்பில் நடத்தி முடிக்கப்பட்டது என்பது. எவ்வளவு அருமையான கேள்வி. 85-க்கு மேலா, 70-க்கு மேலா, 30-க்கும் கீழா என்று சொல்ல மழையும் வெயிலும் குறுக்கே வராது, ஆசிரியரின் சிரிப்பும் வராது. முதல் தலைமுறையில் வந்தவளும் ஐ.ஐ.டி. கனவு கலைந்தவனும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். ஆனால் இந்தப் பதில்கள் மற்றவற்றோடு கரைந்து ஒரு தர எழுத்தாக வெளியே வருகின்றன. எதிர்வீட்டுப் பெண்ணின் போனுக்குத் துறைவாரியாக அவை வந்து சேர்வதில்லை.

அன்று மாலை அவளோடு உட்கார்ந்து அந்த இரண்டு கல்லூரிகளின் ரிவ்யூக்களை முழுக்கப் படித்தேன். 4.2 வாங்கிய கல்லூரிக்கு 40 பேர் எழுதியிருந்தார்கள். அவர்களில் ஆறு பேர் 5-க்குப் பதிலாக 3 போட்டிருந்தால் சராசரி 3.9 ஆகிவிடும் என்று காகிதத்தில் போட்டுக் காட்டினேன். ஆறு பேர் என்றால் ஒரு ஹாஸ்டல் அறைக்காரர்கள். அதைக் கேட்டதும் அவள் முகம் மாறியது. பிறகு தேதிகளைப் பார்த்தோம். பெரும்பாலான ரிவ்யூக்கள் மே மாதத்தில் ஒரே வாரத்தில் வந்திருந்தன. நல்ல கட்டடம், நல்ல பிளேஸ்மெண்ட், நல்ல ஆசிரியர்கள் என்பதற்கு மேல் ஒரு வரி இல்லை. 3.9 கல்லூரியின் பக்கத்தில் வசவு நிறைய இருந்தது. மெஸ்ஸில் சனிக்கிழமை சாப்பாடு வாயில் வைக்க முடியாது என்று ஒருவர். தாமதமாக வந்தால் ஃபைன் என்று ஒருவர். மூன்றாவதாக ஒருவர், மின்னியல் துறை, இன்ன வருடம் என்று சொல்லி, லேப் மதியம் முழுக்க நடக்கும், ரெக்கார்ட் கையெழுத்துக்கு மேடம் மூன்று முறை திருப்பி அனுப்புவார், உயிரை எடுக்கிறார்கள் என்று எழுதி ஒற்றை நட்சத்திரம் போட்டிருந்தார். அந்த ஒற்றை நட்சத்திரத்தைத்தான் நான் அவளுக்குச் சுட்டிக்காட்டினேன். மூன்று முறை திருப்பி அனுப்பும் மேடம் அந்த லேபில் நிஜமாகவே இருக்கிறார் என்று அதற்குப் பொருள்.

மறுநாள் காலை அவளுடைய பள்ளி ஆசிரியை மூலம் இரண்டு கல்லூரியிலும் படிக்கும் ஒவ்வோர் அக்காவின் போன் எண் கிடைத்தது. காலேஜ் எப்படி இருக்கு என்று மட்டும் கேட்காதேம்மா என்றேன். ஒரு தாளில் கேள்விகளை எழுதிக்கொண்டு போனாள். போன செமஸ்டரில் எந்தப் பாடத்துக்கு ஆள் இல்லாமல் இருந்தது, எத்தனை வாரம்? லேப் எத்தனை நாள் நடந்தது, ஒரு மிஷினுக்கு எத்தனை பேர்? சேர்ந்த பிறகு கட்டச் சொன்ன ஃபீஸ் எவ்வளவு? உங்கள் வகுப்பில் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, அதில் உங்களுக்குப் பெயர் தெரிந்தவர் எத்தனை பேர்? ஹாஸ்டலில் உடம்பு சரியில்லை என்றால் இரவில் யார் வருவார்? முதல் கல்லூரியின் அக்கா ஒரு பாடத்துக்குச் செமஸ்டரின் பாதி வரை ஆள் வரவில்லை என்றாள். இரண்டாம் கல்லூரியின் அக்கா பதினைந்து நிமிடம் குறை சொன்னாள், எல்லாம் சாப்பாட்டையும் கெடுபிடியையும் பற்றி. ஒரு ஆள் சொல்வதை வைத்து முடிவு செய்ய முடியாதுதான், அவளிடமும் அதைச் சொன்னேன். ஆனாலும் அவள் கையில் இப்போது ஒப்பிடக்கூடிய இரண்டு பதில்கள் இருந்தன. 3.9 கல்லூரியின் எண்ணை மேலே போட்டுப் பட்டியலைப் பூட்டினாள்.

எல்லாப் பிள்ளைக்கும் எதிர்வீட்டு மாமா வாய்ப்பதில்லை, எண் வாங்கித் தரும் ஆசிரியை வாய்ப்பதில்லை. இதைத் தனிமனித முயற்சிக்கு விட்டுவைப்பது நியாயம் அல்ல. அண்ணா பல்கலைக்கழகம் ஒவ்வொரு கல்லூரியின் தேர்ச்சி விழுக்காட்டையும் ஏற்கெனவே வெளியிடுகிறது. அதே பக்கத்தில் இன்னும் நான்கு வரி சேர்க்கக் கேட்கிறேன். பாடத்திட்டம் எவ்வளவு நடத்தப்பட்டது, ஆசிரியர் இல்லாத வாரங்கள் எத்தனை, ஆய்வகம் எத்தனை நாள் திறந்திருந்தது, அறிவித்ததற்கு மேல் கட்டணம் வாங்கப்பட்டதா. கல்லூரி வழியாகப் போகாமல், இறுதியாண்டு முடித்து இன்டர்னல் மார்க்கின் பிடியிலிருந்து விடுபட்ட மாணவர்களிடம் நேரடியாகக் கேட்டு, துறைவாரியாக, எத்தனை பேர் பதில் சொன்னார்கள் என்ற எண்ணிக்கையோடு, கவுன்சலிங்குக்கு முன்னால் வெளியிட வேண்டும். நட்சத்திரம் வேண்டாம், சராசரி வேண்டாம், முதலிடம் இரண்டாமிடம் வேண்டாம்.

அது வரும்வரை, படித்து முடித்து வெளியே வந்தவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் கல்லூரியைப் பற்றி எங்கே எழுதினாலும் துறையின் பெயரையும் படித்த வருடத்தையும் முதலில் எழுதுங்கள். பிறகு உங்கள் கண்ணால் பார்த்ததை எழுதுங்கள். அடுத்த சாய்ஸ் ஃபில்லிங் தொடங்குவதற்குள் எழுதுங்கள்.